ஏழாம் எண்ணின் முள்

ஆடி 2, வெள்ளி

இருபத்து நான்கு திருக்கைகள். இரண்டு தொட்டிகள். ஒரே கேள்வி: நஞ்சை வைத்திருக்க ஓர் உயிர் என்ன விலை கொடுக்கிறது?

முதல் தொட்டியில் உள்ள பன்னிரண்டின் வால்முள்ளை நான் தொடவில்லை. இரண்டாம் தொட்டியின் பன்னிரண்டுக்கும் தையில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை முள்ளை வெட்டினேன். வெட்டிய முள் வளராது. அதன் அடியிலிருந்து புது முள் முளைத்துப் பழையதைத் தள்ளிவிடும். புது முள், அதன் அடிப்புறப் பள்ளங்களில் நஞ்சு சுரக்கும் திசு, அதை மூடும் மெல்லிய தோலுறை: இவ்வளவையும் அந்த உயிர் தான் தின்ற இரையிலிருந்தே கட்டியாக வேண்டும். ஆகவே வெட்டுப்பட்டவை எடை குறைய வேண்டும். இது என் கணிப்பு. இரு தொட்டிக்கும் ஒரே அளவு இறால், ஒரே அளவு கணவாய், நிறுத்தே கொடுக்கிறோம்.

இன்று, பத்து நாளுக்கொருமுறை நடக்கும் நிறுவை. முதல் தொட்டியின் சராசரி எண்ணூற்றுப் பன்னிரண்டு கிராம். இரண்டாம் தொட்டி எண்ணூற்று நாற்பது. இம்முறையும் வெட்டுப்பட்டவையே கூடியிருக்கின்றன! தராசை மும்முறை சரிபார்த்தேன். தராசு தள்ளாடவில்லை, தள்ளாடுவது என் கணிப்பு.

பதிவஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. கையொப்பமிட்டு வாங்கி மேசையின் அடியறையில் வைத்திருக்கிறேன். நாளை படிக்கலாம்.

ஆடி 3, சனி

கடல்நீர் ஏற்றும் மோட்டார் பழுது. குழாயை உப்பு தின்றிருக்கிறது. மாலைவரை அதனோடு போராட்டம். கடிதம் படிக்க நேரமில்லை.

ஆடி 6, செவ்வாய்

சங்குமுனைக்கு மாற்றலாகி வந்த நாள்முதல் இந்நிலையத்தில் எனக்குப் பேச்சுத்துணை சிலுவையண்ணன் ஒருவர்தான். முப்பதாண்டு சங்கு குளித்தவர். அதற்கு விலையாக இடக்காதைக் கடலுக்குக் கொடுத்தவர். இப்போது தொட்டி கழுவி இரை போடுகிறார். முதல் தொட்டிக்கு மீசைக்காரனுவ என்றும், இரண்டாம் தொட்டிக்கு மொட்டையனுவ என்றும் அவரே பெயர் வைத்திருக்கிறார்.

"டாக்டரம்மா, நம்ம மொட்டையனுவ எப்படி இருக்கானுவ?"

"உங்கள் மொட்டையன்கள் கொழுக்கிறார்கள், அண்ணே. அதுதான் எனக்குக் கவலை."

"கொழுத்தா நல்லதுதான? அதுக்குப் போயி யாராவது கவலப்படுவாவளா?" வலக்காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். "ஆமா, முள்ள வெட்டிட்டியளே, இனி அதுவ எத வச்சு இரை பிடிக்கும்?"

திருக்கை முள்ளால் இரை பிடிப்பதில்லை என்றேன். நண்டையும் சிப்பியையும் அது வாயால் நொறுக்கித் தின்னும். முள் தற்காப்புக்கு மட்டும். சுறா வந்தால், மிதிபட்டால். முதலில் ஒளியும், பின்னர் ஓடும், வேறு வழியே இல்லாதபோதுதான் குத்தும். குத்தினால் உறை கிழிந்துதான் நஞ்சு வெளிப்படும். அதை மறுபடியும் கட்ட வேண்டும். இங்கே சுறாவும் இல்லை, மிதிப்பவரும் இல்லை. முள் எதற்கு?

"யாரும் வரமாட்டாவன்னு நமக்குத் தெரியும்," என்றார். "அதுக்குத் தெரியுமா?"

நான் விடை சொல்லுமுன் அவரே சிரித்தார். "நீங்க பேசுனா ரேடியா கேக்குற மாதிரியே இருக்கு, போங்க."

இரண்டாம் தொட்டியின் வடிகால் வலையில் ஏழெட்டுச் சாளைமீன் செதில்கள் ஒட்டியிருந்தன. கடல்நீர்க் குழாய்வழி வந்திருக்கும். வலையை மாற்றச் சொல்ல வேண்டும்.

ஆடி 9, வெள்ளி

கடிதத்தைப் படித்தேன்.

மூன்றாண்டுக்கு முன் மாசியில், நம் நிறுவனம் அமர்த்திய ஆய்வுப் படகில் இறந்துபோன படகோட்டி தொம்மை என்பவரின் சாவு குறித்து, அவர் மனைவியின் முறையீட்டின்பேரில் மீண்டும் விசாரணை. அப்படகில் இருந்தவர் என்ற முறையில் நான் ஆவணி 9 திங்கள் காலை பத்து மணிக்கு நகரில் குழுவின் முன் வர வேண்டும்.

போவேன். முன்பு சொன்னதையே சொல்வேன். இதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

வீட்டை இருமுறை கழுவினேன். திரைச்சீலைகளைத் துவைத்தேன். சமையலறை அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து, இருந்தபடியே ஏற்றி வைத்தேன்.

ஆடி 11, ஞாயிறு

பேராசிரியர் தில்லைநாயகம் தலைமை நிலையத்திலிருந்து அழைத்தார். அன்றும் அவர்தான் என் தலைவர், இன்றும் அவர்தான்.

"நிறுவை பாத்தேன், இளம்பிறை. அருமை! முள்ள வெட்டினா மீனுக்கு ஒரு நட்டமும் இல்ல, இன்னும் கொழுக்குதுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க. கடற்கரைப் பூங்காவுல தொடுதொட்டி வருது. பிள்ளைங்க கைய விட்டுத் திருக்கையத் தடவலாம். ஆவணிக்குள்ள அறிக்கை வேணும்."

"எடை ஏன் கூடுகிறது என்று இன்னும் தெரியவில்லை, ஐயா."

"கூடுது. அது போதும். சரி, அந்தக் கடிதம் வந்துச்சா?"

"வந்தது."

"கலங்காதீங்க. போன தடவ சொன்னீங்களே மூணு சொல்லு, அது போதும். நீங்க மேடை அதிரப் பேசுற ஆளு. ஆனா மூணு சொல்லோட நிறுத்தவும் தெரிஞ்ச ஆளு. அதனாலதான் உங்க மேல எனக்கு இவ்வளவு மதிப்பு."

கல்லூரி நாளில் நான் மேடையேறினால் ஒலிபெருக்கிக்காரர் ஒலியைக் குறைத்துவிட்டு உட்கார்வார். தமிழாசிரியரான என் தந்தையார் முன்வரிசையில் இருப்பார். பிறமொழிச் சொல் ஒன்று வாய்தவறி விழுந்தால் சுட்டுவிரலை உயர்த்துவார். அவ்வளவுதான், என் குருதி கொதிக்கும், அடுத்த சொல் அனலாய் வரும். எத்தனை அரங்கம்! எத்தனை கைத்தட்டல்! நெஞ்சில் உள்ளதை நாவில் வைக்க அஞ்சுபவர் தமிழைத் தொடாதீர் என்று முழங்கியவள் நான்.

"எனக்கு எதுவும் நினைவில்லை." பிறமொழிக் கலப்பில்லாத தொடர். தந்தையார் இருந்திருந்தால் விரலை உயர்த்தியிருக்க மாட்டார்.

ஆடி 12, திங்கள்

நிறுவை. முதல் தொட்டி எண்ணூற்றுப் பதினெட்டு. இரண்டாம் தொட்டி எண்ணூற்று அறுபத்தொன்று.

இன்னொன்றும் குறித்துவைக்க வேண்டும். சிலுவையண்ணனின் மிதிவண்டி மணி கேட்டதும் இரண்டாம் தொட்டியின் பன்னிரண்டும் சுவரோரம் திரண்டு, நீருக்கு மேல் மூக்கை நீட்டுகின்றன. முதல் தொட்டி அசைவதில்லை. முள் இழந்தவை மனிதரை நம்பத் தொடங்குகின்றனவோ? தனிக் கட்டுரைக்குரிய செய்தி.

ஆடி 17, சனி

முதல் தொட்டியின் மூன்றாம் எண் இன்று பகலில் ஈன்றது. இரண்டு குட்டிகள். உள்ளங்கையகலம், தாயின் அச்சு. பிறக்கும்போதே வாலில் முள் உண்டு. ஆனால் அது மென்மையான உறைக்குள் பொதிந்து கிடக்கிறது. தாயின் வயிற்றைக் கீறாதிருக்க இவ்வேற்பாடு. சில நாளில் உறை நீங்கும், முள் இறுகும்.

சிலுவையண்ணன் தொட்டிச் சுவரில் கையூன்றி நெடுநேரம் பார்த்தார். "பெத்தவளக் குத்தப்படாதுன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு, பாத்தியளா?"

உறங்க முயல்கிறேன். கால்கள் கட்டிலில் தங்க மறுக்கின்றன.

ஆடி 22, வியாழன்

இடக்கையால் எழுதுகிறேன். இரண்டாம் தொட்டி, ஏழாம் எண். மூன்றாம் வெட்டு நாள். ஆறு முடித்து ஏழைத் தூக்கினேன். நழுவப் பார்த்தது. மணலில் புதையப் பார்த்தது. மூன்றாம் முறை வாலை வீசியது. வைகாசிக்குப் பின் முளைத்த முள், சிறியது. வலது உள்ளங்கை. வெந்நீர். மற்றவற்றை வெட்டவில்லை. ஏழையும் வெட்டவில்லை.

ஆடி 23, வெள்ளி

வலி முழங்கைவரை ஏறி இறங்கிவிட்டது. மருத்துவர் புண்ணைத் துப்புரவாக்கி ஊசி போட்டார். கை வீங்கியிருக்கிறது; எழுத முடிகிறது.

நேற்று சிலுவையண்ணன் என் கையைப் பிடித்து வாளியில் அமிழ்த்தினார். "பொறுக்குற சூடுதான், எடுக்காதிய, எடுக்காதிய!" என்று அதட்டினார். வெப்பம் நஞ்சின் புரதத்தைக் குலைக்கும், வலி தணியும். இதை நான் கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். ஆனால் வலி தணிவது வேறு, காயம் ஆறுவது வேறு. நஞ்சை முறிக்கும் வெந்நீர், கிழிந்த குருதிக்குழாயைத் தைக்காது.

தொம்மை வெந்நீர் கேட்டார். "தங்கச்சி, கொஞ்சம் வெந்நி வையி." படகின் அடுப்பில் நான்தான் வைத்தேன். துணியில் நனைத்து அவர் மேல்தொடையில் ஒற்றினேன். பெரிய திருக்கை, ஒரு சாண் முள். கால் மணி நேரத்தில் வலி தணிந்தது. சிரிக்கக்கூடச் செய்தார். அந்தச் சிரிப்பைக் கண்டு நாங்கள்

கை நோகிறது.

ஆடி 25, ஞாயிறு

பூசை முடிந்த கையோடு பேருந்தேறி ரெஜினா வந்துவிட்டாள். தொம்மையின் மனைவி. மூன்றாண்டில் பத்தாண்டு கூடியிருக்கிறது முகத்தில். உள்ளே வந்து உட்காரவில்லை. வாசல் வேம்பின் அடியில் நின்றபடியே பேசினாள்.

"மரம் நல்லா தழைச்சிருக்கு, அக்கா. வீடும் பெருசாத்தான் இருக்கு. ஆபீசுல குடுத்தாவளா?"

"ஆம்."

"குடுப்பாவ." என் கைக்கட்டைப் பார்த்தாள். "என்ன, திருக்கையா?"

"சிறிய முள்தான்."

"எல்லாம் முள்ளுதான். வெந்நி வச்சாவளா? வச்சிருப்பாவ." வேம்பில் கையூன்றினாள். "நான் துட்டுக்கு வரல. அந்தத் தாள்ல அவிய குடிச்சிருந்தாவன்னு ஒரு வார்த்த கெடக்கு. அத மட்டும் எடுக்கணும். எங்க கரையில அடிபட்டுக் கெடக்குறவனுக்கும், கடல்ல செத்தவன் வீட்டுக்கும் மீன்ல பங்கு உண்டு. குடிச்சிட்டுக் கடலுக்குப் போனவனுக்குக் கெடையாது. எம் மவ பெட்டிய எடுத்துக்கிட்டுப் பங்குக்குப் போனா. என்ன சொல்லி அனுப்புனாவ தெரியுமா? ஒங்கப்பன் பங்க அவனே குடிச்சிட்டுப் போயிட்டான்னு."

தளர்ந்த கைக்கட்டை இறுக்கிக் கட்டினேன்.

"நீங்க பக்கத்துல இருந்தியல்லா. அவிய குடிச்சிருந்தாவளா, அக்கா?"

தேநீர் வைக்கிறேன் என்று உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவள் சாலையை அடைந்திருந்தாள். அங்கிருந்தபடியே குரல் கொடுத்தாள்: "நீங்க மேடையில பேசுனா மைக்கே வேண்டாம்னு அவிய சொல்லுவாவ! எங்க, ஒரு நாளாவது கேப்போம்!"

தேநீர் இரண்டையும் நானே குடித்தேன்.

ஆடி 28, புதன்

விடியலில் கை குத்தத் தொடங்கியதால் எழுந்து தொட்டிப் பக்கம் போனேன். சிலுவையண்ணன் வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக அங்கே இருந்தார். இரண்டாம் தொட்டியின் ஓரம் குந்தியிருந்தார். மடியில் ஓலைப்பெட்டி. துண்டுபோட்ட சாளை மீன்களை ஒவ்வொன்றாய் நீட்டினார். பன்னிரண்டும் வரிசையில் நிற்பவை போல் வந்து வாங்கிக்கொண்டன.

"அண்ணே!"

வலப்பக்கம் நின்றதால் கேட்டுவிட்டது. எழவில்லை, பெட்டியை மறைக்கவும் இல்லை. "பாத்துட்டியளா," என்றார்.

"எத்தனை நாளாக?"

"தையில மொத தடவ வெட்டுனியல்லா, அன்னையிலேருந்துதான்."

ஏழு மாதம்! ஏழு மாத நிறுவை, ஏழு மாதக் கணக்கு, ஏழு மாத நம்பிக்கை! நான் கத்தினேன். மேடையில் கத்தியது போல் கத்தினேன். ஒரே அளவு இரை என்பது இவ்வாய்வின் உயிர்நாடி, அதை அறுத்துவிட்டீர்கள், இத்தனை நாள் உழைப்பையும் சாளைத் துண்டாய் நறுக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றேன்.

முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இரை நீங்க நிறுத்துக் குடுத்தபடிதான் போட்டேன், டாக்டரம்மா. அதுல ஒரு இறாலு கூட்டல, கொறைக்கல. இது இரையில்ல. பங்கு."

"என்ன பங்கு?"

"அடிபட்டவன் பங்கு. மீசைக்காரனுவளுக்கு முள்ளு இருக்கு. இதுவளுக்கு நாமல்லா வெட்டுனோம்? வெட்டுன கைதான் பங்கும் குடுக்கணும். எங்க படகுல அதுதான் வழக்கம். எஞ் சொந்த மீனுதான். ஆபீசு மீன எடுக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சாளைச் செதில், மணியோசை, சுவரோரக் கூட்டம்: எல்லாம் என் கண்முன் இருந்தன. அறிவியல் படித்தவள் நான். ஆனால் எனக்குப் பிடித்த விளக்கத்தையே ஒவ்வொன்றுக்கும் தேடிக்கொண்டேன்.

"என் ஆய்வு பாழ், அண்ணே."

"என்ன பாழு? உள்ளது என்னன்னு பாக்குறதுதான ஆய்வு? இப்ப பாத்தாச்சு." கையை நீரில் அலசிக்கொண்டு எழுந்தார். "முள்ளு போனது கொழுத்துக் கெடக்குன்னா, யாரோ ஊட்டுதாவன்னு அர்த்தம். அது தானாக் கொழுக்காது."

ஆடி 29, வியாழன்

மாதிரிகளை நிறுக்கும் பெரிய தராசில் நான் ஏறி நின்றேன். இந்நிலையத்துக்கு வந்ததிலிருந்து எட்டுக் கிலோ கூடியிருக்கிறேன்.

இரண்டு பதவி உயர்வு. என் வயதில் எவருக்கும் கிடைக்காத தனி நிலையம். வேம்பு நிற்கும் வீடு. கேட்ட கருவியெல்லாம் கேட்ட கிழமையில் வந்து இறங்கும். என் திறமைக்கு நிறுவனம் தலைவணங்குகிறது என்றே மூன்றாண்டாய் எண்ணியிருந்தேன்.

நிறுவைக் கணக்கு செல்லாது என்று பேராசிரியருக்கு எழுதினேன். காரணத்தையும் எழுதினேன். மறுமொழி இல்லை.

இன்றுமுதல் சாளை கிடையாது என்று சிலுவையண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். "சரிம்மா," என்றார். மொட்டையன்களைத் தாண்டிப் போகையில் மணியடிக்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்.

ஆவணி 1, ஞாயிறு

பேராசிரியர் நேரில் வந்தார். விடுமுறை நாளில் நான்கு மணி நேரம் காரில். எனக்கு ஒரு பெட்டி இனிப்போடு.

"அந்தக் கெழவன வேலைய விட்டு எடுத்துடலாம். கணக்கு அப்படியே இருக்கட்டும். எடை கூடினது உண்மைதானே?"

"எடை உண்மை, ஐயா. நாம் சொல்லப்போகும் காரணம் பொய்."

"மேடை வேணாம்மா."

"தொடுதொட்டியில் எவரும் சாளை ஊட்டப்போவதில்லை. அங்கே அவை மெலியும்."

"மெலிஞ்சா மாத்திக்குவாங்க. கடல்ல திருக்கைக்கா பஞ்சம்?" நாற்காலியில் சாய்ந்தார். "நான் அதுக்கு வரல. ஒம்பதாம் தேதிக்கு வந்தேன். அந்தப் பொண்ணு உங்களப் பாக்க வந்துச்சாமே?"

"வந்தாள்."

"பாவந்தான். ஆனா யோசிங்க. புதுசா ஏதாவது சொன்னா, முதல்ல உங்களத்தான் கேப்பாங்க. தொம்மை உடம்புல சாராய வாடை எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?" குரல் பரிவாகவே இருந்தது. "உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

இனிப்புப் பெட்டியைத் திறக்கவில்லை. எறும்பு கண்டுபிடித்துவிட்டது.

ஆவணி 6, வெள்ளி

நான்கு நாளாய் ஒரு வரி எழுதவில்லை. நடந்தேன். கடற்கரையின் இம்முனையிலிருந்து அம்முனைவரை, காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. ஆழமில்லா நீரில் இங்கே எவரும் காலைத் தூக்கி வைப்பதில்லை. மணலைத் தேய்த்தே நடக்கிறார்கள். ஓசை கேட்டால் திருக்கை விலகிப்போகும். அதற்குக் குத்தும் விருப்பம் இல்லை. நஞ்சு அதற்கு அத்தனை மலிவானதன்று.

இனி எழுதுகிறேன்.

மாசி 14. நான்கு பேர்: பேராசிரியர், நான், தொம்மை, இயந்திரம் பார்க்கும் பிச்சையா. பிச்சையா இப்போது மஸ்கட்டில் இருக்கிறார், அழைத்தால் எடுப்பதில்லை. முதல் வலையில் ஏறிய பெரிய திருக்கையைத் தொம்மை எடுக்கையில் அது குத்தியது. பத்து நாற்பது. கரைக்கு ஒரு மணி நேர வழி. இன்னும் இரு வலைகள் நீரில் கிடந்தன. "ரெண்டுதான், எடுத்துட்டுப் போயிடலாம். முள் குத்தி யாரும் செத்ததில்ல," என்றார் பேராசிரியர். வெந்நீரால் வலி தணிந்திருந்தது. தொம்மை சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டு நாங்கள் அவர் தப்பிவிட்டார் என்று எண்ணினோம். உள்ளே குருதி வடிந்துகொண்டே இருந்தது. படகு கரைநோக்கித் திரும்பியபோது மணி ஒன்று இருபது. கரை தெரியும்போது அவர் பேச்சு நின்றது.

திரும்பும் வழியில் குத்தியது என்று அறிக்கை சொல்கிறது. குடித்திருந்தார் என்று சொல்கிறது. அவர் குடிக்கவில்லை. மீன் மாதிரிகளைக் கெடாமல் வைக்கப் படகில் எரிசாராயம் இருந்தது. புண் சீழ்பிடிக்கக் கூடாதே என்று ஒரு புட்டி முழுவதையும் தொடையில் ஊற்றினோம். உடையெல்லாம் நனைந்தது. கரையில் பார்த்தவர் முகர்ந்தார், எழுதினார். குருதியை எவரும் ஆராயவில்லை.

ஊற்றினோம் என்று எழுதிவிட்டேன். ஊற்றினேன்.

அந்த அறிக்கையின் அடியில் என் கையொப்பம் இருக்கிறது. தூய தமிழில்.

பெட்டியின் அடியில், பட்டுச்சேலைகளுக்குக் கீழே, மெழுகுத்துணியில் சுற்றிய ஒரு குறிப்பேடு இருக்கிறது. படகில் நான் பென்சிலால் எழுதியது. வலை இறக்கிய நேரம், ஏற்றிய நேரம், பத்து நாற்பது, ஒன்று இருபது. அதைத் தொலைத்துவிட்டதாக அன்று சொன்னேன். மூன்றாண்டில் இருமுறை வீடு மாறினேன். இருமுறையும் முதலில் கட்டிய மூட்டை அதுதான்.

ஆவணி 8, ஞாயிறு

சேலையைச் சலவைப்பெட்டியால் தேய்த்தேன். எரிவாயு உருளை தீர்ந்துவிட்டது. சிலுவையண்ணன் மாற்றிக் கொடுத்தார். நாளை நகருக்குப் போகிறேன், இரை நிறுத்து வைத்திருக்கிறேன் என்றேன்.

"எதுக்குப் போறியன்னு ஊருக்கே தெரியும்," என்றார். "பஸ்சுல சன்னலோரமா இருங்க. ஒங்களுக்குத் தல சுத்தும்."

பேசுவதற்கு ஓர் உரை எழுதினேன். ஒன்பது பக்கம். நன்றாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.

ஆவணி 9, திங்கள்

மூவர் குழு. எதிரே பேராசிரியர். பின்வரிசையில் ரெஜினா, அவள் மகள், அவர்கள் கரையின் ஆட்கள் ஏழெட்டுப் பேர், பங்கு பிரிக்கும் பெரியவர்.

குறிப்பேட்டை மேசைமேல் வைத்தேன். நேரங்களைப் படித்தேன். எரிசாராயத்தை ஊற்றியவள் நான் என்றேன். அவர் குடிக்கவில்லை என்றேன். இதை அன்றே அறிந்தும் கையொப்பமிட்டேன் என்றேன். நான்கு நிமிடம் ஆயிருக்கும். மேடையில் ஏறாத குரல், எனக்கே புதிய குரல்.

"முன்பு நினைவில்லை என்றீர்களே?" என்று குழுத்தலைவர் கேட்டார்.

"பொய் சொன்னேன்."

பேராசிரியர் என்னைப் பார்க்கவில்லை. தம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே ரெஜினா நின்றாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். "மூணு வருசம்," என்றாள். "மூணு வருசம், அக்கா." மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆவணி 11, புதன்

நிறுவை. முதல் தொட்டி எண்ணூற்று முப்பத்தொன்று. இரண்டாம் தொட்டி எண்ணூற்று நாற்பத்தேழு. இறங்குகிறது.

ஆவணி 14, சனி

சிலுவையண்ணன் ஓலைப்பெட்டியோடு வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே நான்கு சாளை.

"தொட்டிக்குக் கூடாது என்று சொன்னேனே, அண்ணே!"

"தொட்டிக்கில்ல. நேத்து அவிய கரையில தொம்மை பேருக்குப் பங்கு வச்சாவ. குழுக்காரவ எழுதட்டும், எழுதாமப் போவட்டும். கரைக்காரவ காதால கேட்டாச்சுல்லா. அந்த மவப் பிள்ளதான் பெட்டியோட போயி வாங்கிட்டு வந்துருக்கு." பெட்டியை நீட்டினார். "இது அதுலேருந்து. ரெஜினா குடுத்துவிட்டா."

"என்ன சொல்லிக் கொடுத்தாள்?"

"ஒண்ணும் சொல்லல. நான் ஏதாவது சொல்லணுமான்னு கேட்டேன். மீனு கெட்டுப்போவும், வெரசாப் போங்கன்னா."

குழம்பு வைத்தேன். உப்புச் சற்று மிகுந்துவிட்டது. முழுவதையும் உண்டேன்.

ஆவணி 18, புதன்

மாற்றல் ஆணை. வடக்கே, கடலில்லாத ஊர். நன்னீர் மீன் பிரிவு. மாதம் முடியுமுன் சேர வேண்டும். என் மீதும் நடவடிக்கை உண்டு என்று தனித்தாள் ஒன்று. இரண்டிலும் கையொப்பமிட்டு வாங்கினேன்.

ஆவணி 21, சனி

கடைசி நிறுவை. மூட்டைகள் வாசலில். குறிப்பேடு குழுவிடம் இருக்கிறது. பெட்டியின் அடியில் சேலைகள் மட்டும்.

முதல் தொட்டி எண்ணூற்று நாற்பது. இரண்டாம் தொட்டி எண்ணூற்றுப் பதினாறு. ஏழு மாதத்தில் முதன்முறையாக வெட்டுப்பட்டவை பின்தங்கின. இருபது நாள் கணக்கை வைத்து எதையும் நிறுவ முடியாது. அடுத்து வருபவருக்கு முழுக் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன், சாளை உட்பட. தொடுதொட்டிக்கான அறிக்கையில் என் கையொப்பம் இல்லை.

சிலுவையண்ணன் பிடித்துக்கொண்டார், நான் அளந்தேன்.

ஏழாம் எண். முள் முப்பத்தெட்டு மில்லிமீட்டர். என் கையில் குத்தியபோது கிழிந்த உறை, அடியிலிருந்து பாதிவரை மூடியிருக்கிறது. எடை எழுநூற்றுத் தொண்ணூறு. தொட்டியில் எல்லாவற்றிலும் குறைவு. நீரில் விட்டேன். நன்றாக நீந்துகிறது.